தலைக்குக் குளித்த தண்ணீர் எங்கே போகிறது?

கேள்வி இது: "ஷாம்பூவை விட்டுவிட்டுச் சீயக்காய்க்கு மாறினால் சுற்றுச்சூழலுக்கு நல்லதா? தலைமுடிக்காக நாம் அன்றாடம் செய்கிறவற்றில் உண்மையிலேயே கெடுதலானது எது, எதை மாற்றினால் பலன் உண்டு?"

ஷாம்பூவா சீயக்காயா என்ற தேர்வை விட, எவ்வளவு போடுகிறோம், காலிப் பாக்கெட்டை என்ன செய்கிறோம், கழுவிய தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது என்பவைதான் இங்கே பெரிய விஷயம். ஐரோப்பிய, அமெரிக்க ஆலோசனைகளைப் படித்தால் "வெந்நீரைக் குறையுங்கள்" என்பது முதலிடத்தில் இருக்கும். அங்கே அது சரி. குளிர் நாட்டில் ஒரு ஷாம்பு பாட்டிலின் வாழ்நாள் கார்பன் கணக்கில் பெரும்பங்கு அதைக் கழுவும் வெந்நீருக்குத்தான். தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்விடும் என்பதால் மற்றவை பின்வரிசைக்குப் போகின்றன. சித்திரையில் மேல்தொட்டித் தண்ணீரே சுடும் ஊரில் அந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

முதலில் தண்ணீரின் பாதை. தமிழ்நாட்டின் பல சிற்றூர்களிலும் நகரின் புதுக் குடியிருப்புகளிலும் கழிப்பறைக் குழாய் மட்டும்தான் செப்டிக் டேங்குக்குப் போகிறது. குளியலறைத் தண்ணீர் நேராகத் தெருச் சாக்கடைக்கு. அது மழைநீர் வாய்க்கால், ஓடை, ஏரி என்று போய்ச் சேரும். நடுவில் எந்தச் சுத்திகரிப்பும் கிடையாது. உங்கள் வீட்டுப் பாத்ரூம் குழாய் எங்கே முடிகிறது என்று வெளியே போய் ஒருமுறை பாருங்கள். பாதாளச் சாக்கடையா, செப்டிக் டேங்கா, திறந்த சாக்கடையா, தோட்டமா என்பதைப் பொறுத்து, கீழே சொல்கிறவற்றில் எது உங்களுக்கு முக்கியம் என்பது மாறும்.

சாதாரண ஷாம்பூவில் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். நுரைக்கும் பொருள் பெரும்பாலும் சோடியம் லாரெத் சல்பேட், சிறு உற்பத்தியாளர்கள் எஸ்.எல்.இ.எஸ். பேஸ்ட் என்று டிரம்மில் வாங்குவது அதைத்தான். அதன் எண்ணெய்ச் சங்கிலி பெரும்பாலும் பனை விதை எண்ணெயிலிருந்தோ தேங்காய் எண்ணெயிலிருந்தோ, சிலசமயம் பெட்ரோலியத்திலிருந்தோ வருகிறது. காற்றோட்டமுள்ள நீரில் பாக்டீரியாக்கள் இதைச் சில நாள்களில் தின்று தீர்த்துவிடும், காற்றில்லாத செப்டிக் டேங்கிலும் ஓரளவு சிதையும். துணி துவைக்கும் தூளில் போடும் 'ஆசிட் ஸ்லரி' வகையோ காற்றில்லாத சேற்றில் சிதைவதே இல்லை என்று சொல்லலாம். ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை வெளேரென்று நுரை எழும்பும் படங்களைப் பார்த்துவிட்டு ஷாம்பூவைத் திட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெங்களூரின் கழிவுநீரும் ஆலைக் கழிவும் சேர்ந்து வருகிற அந்த நுரையில் தலைக்குப் போட்ட ஷாம்பூவின் பங்கு சிறியது. ஒரு வீட்டில் வாரத்துக்கு 30 மில்லி ஷாம்பு செலவானால், அதே வாரத்தில் அரைக் கிலோ சோப்புத்தூள் கரைகிறது.

அதற்காக ஷாம்பு குற்றமற்றது என்றும் ஆகாது. 6 மில்லி ஷாம்பூவில் நுரைக்கும் பொருள் முக்கால் கிராம் அளவுக்கு இருக்கும். 40 லிட்டர் தண்ணீரில் அலசினால் லிட்டருக்குச் சுமார் 18 மில்லிகிராம். இந்தப் பொருள் லிட்டருக்குச் சில மில்லிகிராமிலிருந்து சில பத்து மில்லிகிராமுக்குள்ளேயே மீனின் செவுளைக் கெடுக்கும். ஆற்றில் கலந்து நீர்த்துப்போனால் பிரச்சினை இல்லை. கோடையில் வற்றிக் கிடக்கும் ஓடைக்குள் ஒரு தெருவின் தண்ணீரே ஓட்டமாக ஓடினால் பிரச்சினை உண்டு.

இனிச் சீயக்காய். "இயற்கையானது, எனவே கெடுதல் இல்லை" என்று எழுதுகிறவர்கள் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடுகிறார்கள். சீயக்காய், பூந்திக்கொட்டை, அரப்பு, இலுப்பைப் பிண்ணாக்கு எல்லாவற்றிலும் அழுக்கை எடுப்பது சபோனின் என்ற நுரைப்பொருள். அதுவும் மீனின் செவுளைத்தான் தாக்கும். பூந்திக்கொட்டையை இடித்துத் தேங்கிய நீரில் போட்டு மீன் பிடிப்பது இந்தியாவின் பல பகுதிகளில் பழைய வழக்கம். இலுப்பைப் பிண்ணாக்கின் கதை இன்னும் நேரடியானது. மீன் பண்ணைக் குளங்களில் குஞ்சு விடுவதற்கு முன் களை மீன்களைக் கொல்ல மீன்வளத் துறையினர் பரிந்துரைப்பதே அதுதான். ஒரு மீட்டர் ஆழமுள்ள குளத்துக்கு எக்டருக்கு 2,500 கிலோ, அதாவது லிட்டருக்கு 250 மில்லிகிராம். இரண்டு மூன்று வாரத்தில் நஞ்சு போய் அதே பிண்ணாக்கு குளத்துக்கு உரமாகிவிடும்.

இப்போது குளியலறைக்குக் கணக்குப் போடுவோம். தலைக்கு 25 கிராம் இலுப்பைத் தூள், 40 லிட்டர் தண்ணீர் என்றால் லிட்டருக்கு 625 மில்லிகிராம். களை மீன் கொல்லும் அளவைப் போல இரண்டரை மடங்கு! குளத்தில் கலந்ததும் இது நீர்த்துவிடும், ஒருவர் குளித்து ஒரு குளம் அழியாது. ஆனால் வெயில் காலத்துக் குட்டையிலோ கோயில் குளத்து ஓரத்திலோ நூறு பேர் தலைக்குத் தேய்த்துக் குளித்தால், படியோரத்து மீன்குஞ்சுகளுக்கு ஷாம்பூவும் ஒன்றுதான், சீயக்காயும் ஒன்றுதான். குற்றால அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு போடத் தடை இருக்கிறது. சீயக்காய் மட்டும் பரவாயில்லை என்று தனக்குத்தானே விலக்கு கொடுத்துக்கொள்பவர்கள் உண்டு, அந்த விலக்குக்கு அறிவியலில் இடமில்லை.

சீயக்காயின் உண்மையான மேன்மை வேறு இடத்தில் இருக்கிறது. அதே தண்ணீரை மண்ணில் விட்டால் அது நஞ்சில்லை. மண்ணின் நுண்ணுயிர்கள் சபோனினைச் சீக்கிரம் தின்றுவிடும், மீதித் தூள் மட்கும். கெடாமல் வைக்கும் நிலைநிறுத்திகளோ செயற்கை வாசனையோ சாயமோ அதில் கிடையாது. மூட்டையில் வாங்கி மில்லில் அரைத்தால் பாக்கெட்டும் கிடையாது. எனவே குளியலறைத் தண்ணீர் தோட்டத்துக்குப் போகும் வீடென்றால் சீயக்காய்க்கு மாறுவதில் தெளிவான லாபம் உண்டு. திறந்த சாக்கடைக்குப் போகும் வீடென்றால் லாபம் குறைவு, பாக்கெட் மிச்சம் என்பதோடு சரி.

மாறுகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு, தூளைக் குழைத்து அப்படியே அள்ளிப் பூசுவது. தூள் மயிர்க்கால்களில் சிக்கும், அதை அலச இரண்டு பக்கெட் கூடுதலாகச் செலவாகும், குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் ஜாலியில் சேறாகப் படியும். தண்ணீர்ச் செலவே ஷாம்பூவைத் தாண்டிவிட்டால் மாறியதற்கு அர்த்தமில்லை. வடிகட்டிப் போடுங்கள். ஐந்தாறு சீயக்காயைத் தட்டி, விதையை எடுத்துவிட்டு, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரவே ஊறவைத்துக் காலையில் கையால் பிசைந்து மெல்லிய துணியில் வடிகட்டினால் ஒரு தலைக்குப் போதும். தூளாகத்தான் இருக்கிறது என்றால் இரண்டு மேசைக்கரண்டித் தூளை வடித்த கஞ்சியில் பத்து நிமிடம் ஊறவைத்து, அதையும் வடிகட்டலாம். கஞ்சியின் மாவுச்சத்து எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும், முடியும் அவ்வளவாக வறளாது. அரைக்கக் கொடுத்தால் 1 கிலோ சீயக்காய்க்குக் கால் கிலோ பச்சைப்பயறு, 100 கிராம் வெந்தயம் போதும். நன்றாக வெயிலில் காய்ந்து, உடைத்தால் சடக்கென்று ஒடிய வேண்டும். ஈரம் இருந்தால் மில்லில் பிசினாகும், வீட்டில் வண்டு விழும். மிளகாய் அரைத்த கையோடு இதைப் போட்டுவிடாதபடி மில்காரரிடம் சொல்லிவிடுங்கள், கண்ணுக்கு நல்லது.

கடையில் 'சீயக்காய் ஷாம்பு' என்று விற்பவற்றில் பெரும்பாலானவை எஸ்.எல்.இ.எஸ். ஷாம்புதான், சீயக்காய்ச் சாறு பட்டியலின் பின்பாதியில் இருக்கும். பாட்டிலின் பின்பக்கத்துப் பட்டியலில் அளவு அதிகமுள்ளது முதலில் வரும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஷாம்பூவிலேயே இருக்கிறேன் என்றால் அளவைக் குறையுங்கள். கிராப்புக்கு 3 மில்லி, தோள் வரை முடிக்கு 5 அல்லது 6, இடுப்பு வரை இருந்தால் 8 முதல் 10. ஒரு ரூபாய்ப் பாக்கெட்டில் இருப்பதே 5 முதல் 6 மில்லிதான். பாட்டிலைக் கவிழ்த்து உள்ளங்கை நிறைய ஊற்றினால் அது 12 முதல் 15 மில்லி. ஷாம்பூவை ஒரு மக்கில் கால் பங்கு தண்ணீர் விட்டுக் கலக்கி உச்சியில் ஊற்றினால் பாதி அளவிலேயே தலை முழுதும் பரவும். அன்றன்றைக்குக் கலக்குங்கள். கலக்கிய ஷாம்பூவைப் பாட்டிலில் சேமித்தால் நிலைநிறுத்தியும் நீர்த்துப்போய், சில நாளில் கிருமி வளர்ந்து நாறும். எண்ணெய் வைத்த தலையில் முதல் தடவை நுரை வராது. அது இயல்பு, நுரை வரவில்லை என்பதற்காக ஊற்றிக்கொண்டே போகக் கூடாது. போர் தண்ணீர் கடினமாக இருந்தாலும் நுரை குறையும்.

எண்ணெய்க் குளியலில்தான் ஷாம்பூவும் தண்ணீரும் இரட்டிப்பாகின்றன. கால் டம்ளர் நல்லெண்ணெயைத் தலையில் கொட்டி, பிறகு மூன்று பாக்கெட் போட்டு எடுப்பதில் எண்ணெயும் வீண், ஷாம்பூவும் வீண். 15 மில்லி, அதாவது ஒரு மேசைக்கரண்டி, உச்சந்தலைக்குத் தாராளம். குளிக்கப் போகுமுன் பழைய பருத்தித் துணியால் ஒருமுறை இறுக்கித் துடைத்து, காய்ந்த தலையிலேயே ஒரு பிடி பயத்தமாவைத் தேய்த்து எண்ணெயை உறிஞ்ச வைத்தால் ஒரே தடவையில் போய்விடும். குழாய்க்குள் எண்ணெய் குளிர்ந்து படிவதும் குறையும்.

அடுத்து பாக்கெட். இது இங்கேயே பிறந்த விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பாட்டில் வாங்க முடியாதவர்களுக்காக ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் யோசனையைப் பரவலாக்கியவர் கடலூர் சின்னிக்கிருஷ்ணன், அவருடைய வெல்வெட் ஷாம்பு. அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் அதே கடலூரில் சிக் ஷாம்பூவைத் தொடங்கினார். ஆரம்ப காலத்தில் ஐந்து காலிப் பாக்கெட்டைக் கடையில் கொடுத்தால் ஒரு புதுப் பாக்கெட் இலவசம் என்று ஒரு திட்டம் வைத்தார்கள். முதலில் எந்தக் கம்பெனிப் பாக்கெட்டானாலும் சரி என்றார்கள், பிறகு சிக் பாக்கெட்டுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். அது வியாபார உத்திதான், சுற்றுச்சூழலுக்காகச் செய்ததில்லை. ஆனாலும் அதில் ஒரு பாடம் இருக்கிறது: காலிப் பாக்கெட்டுக்கு ஒரு விலை வைத்தால் மக்கள் அதைச் சேர்த்துக்கொண்டு வந்து கொடுப்பார்கள். பாக்கெட்டைத் திரட்டவே முடியாது என்று இன்று சொல்கிற கம்பெனிகளுக்கு இதை நினைவுபடுத்தலாம்.

எடைக் கணக்கில் பாக்கெட் அவ்வளவு மோசமில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஒரு காலிப் பாக்கெட் முக்கால் கிராமுக்கு முன்னே பின்னே. நூறு பாக்கெட், அதாவது 600 மில்லி ஷாம்பு, 75 கிராம் பிளாஸ்டிக். 650 மில்லி பாட்டில் மூடியோடு ஐம்பது அறுபது கிராம் இருக்கும். வித்தியாசம் இதற்குப் பிறகுதான். பாட்டில் ஒரே பிளாஸ்டிக்கில் செய்தது, அடியில் முக்கோணத்துக்குள் 1 அல்லது 2 என்று போட்டிருக்கும், காயலாங்கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். பாக்கெட் வெளியே பாலியெஸ்டர், நடுவே உலோகப் பூச்சு, உள்ளே பாலித்தீன் என்று ஒட்டிய அடுக்குகள். மொத்தத் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இராது, பிரித்தெடுக்க வழியில்லை, எனவே யாரும் காசு கொடுக்க மாட்டார்கள். குப்பை பொறுக்குகிறவர் ஒரு கிலோ சேர்க்க ஆயிரத்து முந்நூறு தடவைக்கு மேல் குனிய வேண்டும், கிடைக்கும் கூலி பூஜ்யம். அவர் ஏன் எடுக்கப் போகிறார்?

2016-இன் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளும் 2022-இல் வந்த உற்பத்தியாளர் பொறுப்பு நெறிமுறைகளும் இந்தப் பலஅடுக்குப் பிளாஸ்டிக்கைத் தனி வகையாகவே வைத்துத் திரட்டும் பொறுப்பைக் கம்பெனி தலையில் கட்டுகின்றன. திரட்டினாலும் பெரும்பாலும் அது போய்ச் சேர்வது சிமெண்ட் சூளைக்கு, நிலக்கரியோடு எரிபொருளாக. மறுசுழற்சி என்று அதைச் சொல்வது கொஞ்சம் தாராளம்தான்.

பாக்கெட் வாங்கத்தான் வேண்டும் என்றால், மூலையை முழுதாகக் கிழித்து எறியாதீர்கள். அந்தச் சுண்டுவிரல் நகத்தளவுத் துண்டு ஜாலி ஓட்டைக்குள் போய்விடும், பிறகு எந்த ஊழியரும் அதை எடுக்க முடியாது. கத்தரியால் பாதி வெட்டி, துண்டு தொங்கும்படி விட்டுப் பிதுக்குங்கள். காலியானதை அலசி, காயவைத்து, பெரிய கவர் ஒன்றில் திணித்துச் சேர்த்துக் காய்ந்த குப்பையில் கொடுங்கள். ஈரப் பாக்கெட் தனித்தனியாகப் போனால் உணவுக் குப்பையில் ஒட்டிக்கொண்டு உரக்கிடங்கைக் கெடுக்கும். ஆற்றங்கரைக்கும் அருவிக்கும் போகும்போது பாக்கெட்டை எடுத்துக்கொண்டே போகாமல் இருப்பது இன்னும் எளிது. பாட்டில்காரர்கள் பம்பு வைத்த மூடியைத் தவிர்க்கலாம், உள்ளே இருக்கும் எஃகுச் சுருள் மறுசுழற்சிக்கு இடைஞ்சல். ஷாம்புக் கட்டி வாங்குகிறவர்கள் அது சோப்பா, சோப்பில்லாத நுரைக்கட்டியா என்று பாருங்கள். சாதாரண சோப்பாக இருந்தால் கடினத் தண்ணீரில் சுண்ணாம்புப் பிசுக்காக முடியில் ஒட்டும், ஒரு வாரத்தில் வெறுத்துப்போய் மறுபடி பாட்டிலுக்கே வந்துவிடுவீர்கள்.

வெந்நீர்க் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். 20 லிட்டர் பக்கெட்டை 27 டிகிரியிலிருந்து 40-க்கு ஏற்ற 0.3 யூனிட். நம் மின்சாரத்தில் யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்பதால் 200 கிராம் சொச்சம். உதகையில் மார்கழித் தண்ணீர் 15 டிகிரியில் இருந்தால் அதே பக்கெட்டுக்கு 0.58 யூனிட். கேஸ் அடுப்பில் 27-லிருந்து 40-க்குக் காய்ச்சினால் 40 கிராம் கேஸ், சுமார் 120 கிராம் கார்பன் டை ஆக்சைடு. மின்சாரத்தைவிடக் குறைவுதான், நம் மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருவதால் இப்படி. கீசரில்தான் வீண் அதிகம். 15 லிட்டர் தொட்டியை 60 டிகிரிக்குக் கொண்டுபோக 0.58 யூனிட் செலவழித்து, பாதியை எடுத்துவிட்டு மீதியை ஆறவிடுவது பல வீட்டில் நடப்பது. திருகியை 50-க்குக் கீழிறக்கி, குளிக்கப் பத்து நிமிடத்துக்கு முன் போட்டு, தொட்டி நீரைத் தீர்த்துவிடுங்கள்.

ஹேர் டிரையர் 1,500 வாட் என்றால் பத்து நிமிடத்துக்குக் கால் யூனிட், ஏறக்குறைய ஒரு பக்கெட் வெந்நீர். முதலில் துண்டால் பிழிந்து, ஈரம் பாதி போனபின் போட்டால் மூன்று நிமிடத்தில் முடியும். முடியை நேராக்கும் கருவிக்கு ஐம்பது வாட் அளவுதான், அதைப் பற்றி மின்சாரக் கணக்கில் கவலை வேண்டாம்.

தண்ணீரிலேயே மின்சாரம் ஒளிந்திருக்கிறது என்பதைச் சென்னைக்காரர்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும். நெம்மேலி போன்ற நிலையங்களில் கடல்நீரை நன்னீராக்க ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் ஆகும். ஷவரைத் திறந்துவிட்டு நுரை தேய்க்கும் ஐந்து நிமிடத்தில் 50 லிட்டர் போனால், குளிர்ந்த நீராகவே இருந்தாலும் 0.15 முதல் 0.2 யூனிட்.

அளவில் சின்னதாக இருந்து வேலையில் பெரிதாக இருக்கிற பொருள்கள் தனி. பொடுகு ஷாம்பூவில் வரும் ஜிங்க் பைரிதியோன் நீர்வாழ் உயிர்களுக்கு மிகக் கடுமையான நஞ்சு. ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச் முதல் அதை அழகுப் பொருள்களில் தடை செய்தது, காரணம் மனித இனப்பெருக்கத்துக்குத் தீங்கு என்ற வகைப்பாடு. வெயில் ஊடுருவும் தெளிந்த நீரில் இது சீக்கிரம் சிதையும், நம் சாக்கடைக் கறுப்பில் வெயிலுக்கு எங்கே போவது? பொடுகு இருந்தால் பயன்படுத்துங்கள், ஆனால் மருந்தாக. போட்டு மூன்று முதல் ஐந்து நிமிடம் ஊறவிட்டு அலச வேண்டும், வாரம் இருமுறை, அடங்கியபின் வாரம் ஒருமுறை அல்லது அதற்கும் குறைவாக. போட்டவுடன் அலசினால் மருந்து சாக்கடைக்குத்தான் போகிறது, பொடுகு அப்படியே இருக்கும், இன்னும் அதிகமாக ஊற்றத் தோன்றும். பொடுகே இல்லாத வீட்டில் அதையே தினசரி ஷாம்பூவாக வைத்திருப்பது அர்த்தமில்லாத செலவு.

பேன் மருந்து இதைவிடக் கடுமை. ஒரு சதவீத பெர்மெத்ரின் லோஷன் மீனுக்கும் நீர்ப்பூச்சிகளுக்கும் மிகச் சிறிய அளவிலேயே நஞ்சு. கிணற்றடியிலும் குளத்தங்கரையிலும் அதைக் கழுவவே கூடாது. பற்களுக்கிடையே 0.3 மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளி உள்ள உலோகப் பேன் சீப்பு இருந்தால் மருந்தில்லாமலே முடிக்கலாம். தலையை நனைத்து, கொஞ்சம் எண்ணெயோ கண்டிஷனரோ தடவி, வகிடு வகிடாகப் பிரித்து வேரிலிருந்து நுனிவரை இழுத்து, ஒவ்வோர் இழுப்புக்கும் வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். ஈர் பொரிக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும் என்பதால் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை, இரண்டு வாரத்துக்கு விடாமல் சீவ வேண்டும். ஒருநாள் சீவிவிட்டு நிறுத்துவதால்தான் திரும்ப வருகிறது. வீட்டில் எல்லார் தலையையும் ஒரே வாரத்தில் பாருங்கள்.

சாயத்தில், பத்து நிமிடத்தில் கறுக்கும் எதிலும் பெரும்பாலும் பி.பி.டி. (பாராஃபினைலின்டையமின்) என்ற செயற்கைச் சாயப்பொருள் இருக்கும், அட்டையில் 'கருப்பு மருதாணி' என்று போட்டிருந்தாலும். குறைந்த முடிக்குப் பாதிப் பாக்கெட் போதும். மீதித் தூளை ஈரம்படாமல் மடித்து வைக்கலாம், குழைத்ததை வைக்க முடியாது. மீந்த குழம்பைக் கழுவி விடாமல் காற்றில் முழுக்கக் கறுத்துக் காயவிட்டுக் குப்பையில் போடுங்கள், கிண்ணத்தையும் தூரிகையையும் பழைய தாளால் துடைத்தபின் கழுவுங்கள். மருதாணி ஒரு நாள், அதை அலசிவிட்டு அவுரிப் பொடி என்று இரண்டு கட்டமாகப் போட்டால் பி.பி.டி. இல்லாமலே கறுப்பு வரும். அவுரி திண்டிவனம் பக்கத்திலேயே விளைகிறது. அவுரியைக் குழைத்துப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் பூசிவிட வேண்டும், தாமதித்தால் நிறம் ஏறாது.

ஹேர் சீரம் என்று விற்கும் வழவழப்புத் திரவத்தில் முதலில் வருவது பெரும்பாலும் சைக்ளோபென்டாசிலாக்சேன் என்ற சிலிக்கோன் திரவம். பூசியவுடன் ஆவியாகிக் காற்றுக்குப் போகும், கழுவினால் நீரில் நெடுநாள் தங்கும். அலசிவிடும் பொருள்களில் இதை 0.1 சதவீதத்துக்குமேல் சேர்க்க ஐரோப்பாவில் 2020 ஜனவரி 31-லிருந்து அனுமதியில்லை. நுனி முடிக்கு இரண்டு மூன்று சொட்டுத் தேங்காய் எண்ணெய், ஈரத்தோடு தடவினால், அதே வேலையைச் செய்யும். சொட்டுக் கணக்கு முக்கியம், நான்கைந்து தாண்டினால் பிசுபிசுக்கும்.

தோட்டத்துக்கு விடுகிறவர்கள் ஷாம்பூவின் உப்பைப் பற்றிப் பயப்படுகிறார்கள். 6 மில்லியில் இருக்கும் உப்பு 0.1 கிராம். போர் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது லிட்டரில் கரைந்திருக்கும் உப்பு, 1,000 மில்லிகிராம் என்றால் 40 லிட்டரில் ஏற்கெனவே 40 கிராம் உப்பு இருக்கிறது. பிரச்சினை ஷாம்பூவில் இல்லை. பாத்ரூம் வெளிக்குழாயில் இரண்டாகப் பிரியும் 'டீ' (T) இணைப்பு ஒன்று போட்டு இரண்டு வால்வு வையுங்கள்: ஷாம்பு, சீயக்காய் நாள்களில் வாழைக்கும் கல்வாழைக்கும் திறக்கலாம், பொடுகு மருந்து, சாயம், பேன் மருந்து நாள்களில் மற்றப் பக்கம். கீரைப் பாத்திக்கு எதுவும் வேண்டாம். தொட்டியில் பிடித்துவைத்தால் ஒரே நாளில் நாறும், எனவே அன்றைக்கே மண்ணில் விடுங்கள். ஒரே இடத்தில் விடாமல் இரண்டு மூன்று பாத்திக்கு மாற்றி மாற்றி விட்டால் மண் இறுகாது.

கடைசியாக உதிர்ந்த முடி. ஜாலியில் அடைத்தால் ஆசிட் ஊற்றுவது வழக்கமாகிவிட்டது. ஆசிட்டில் முடி கரையாது. முடியின் புரதம் காரத்தில்தான் கரையும். ஆசிட் டைல்ஸ் இடுக்கின் சிமெண்டைத் தின்றுவிட்டுச் சாக்கடைக்குப் போகும், பிளீச்சிங் பவுடர் ஏற்கெனவே போட்டிருந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜாலியைத் தூக்கி, வளைத்த கம்பியால் முடிக்கொத்தை இழுத்தெடுப்பதுதான் வழி, அதன்மேல் நைலான் வலைத்துண்டு ஒன்று போட்டுவைத்தால் அதுவும் தேவையில்லை. சீப்பில் வருவதைச் சன்னல் வழியாக எறியாதீர்கள். பாரிஸ் நகரப் புறாக்களை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வில், முடிதிருத்தகங்கள் அதிகமுள்ள பகுதிகளில் விரல் இழந்த புறாக்கள் அதிகம் இருந்தது தெரியவந்தது. முடியும் நூலும் காலில் சுற்றி இறுக்கி, இரத்த ஓட்டம் நின்று, விரல் அழுகி விழுகிறது. நம் காக்கைக்கும் மைனாவுக்கும் கால் அதேபோன்றதுதான்.

முடியில் எடையில் ஆறில் ஒரு பங்கு நைட்ரஜன் என்பதால் உரக்குழிக்கு நல்லது, ஆனால் உருண்டையாகப் போட்டால் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டி, ஈரக் குப்பையோடு மெல்லிய அடுக்காகத் தூவுங்கள், தென்னங்குழியில் ஒரு முழ ஆழத்திலும் புதைக்கலாம். சாயம் போட்ட முடியைக் காய்கறிப் பாத்திக்கு வேண்டாம். நீள முடியைச் சேர்த்து வைத்தால் தெருவில் வரும் முடி வியாபாரி காசோ பாத்திரமோ கொடுத்து வாங்கிக்கொள்வார். சலூன் வைத்திருப்பவர்கள் தரையைப் பெருக்கும்போது முடியைத் தனிச் சாக்கிலும், பிளேடுகளை ஒரு தகர டப்பாவிலும் போட்டாலே போதும். இரண்டும் கலந்துவிட்டால் அந்தச் சாக்கில் யாரும் கைவைக்க மாட்டார்கள்.